பழைய கன்ட்ரி பாடல்களில் கடன்பட்டார் நெஞ்சம்

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பிறந்த கன்ட்ரி இசையின் பழைய பாடல்களில் எதை எடுத்தாலும் ரயில், குடி, சிறைச்சாலை, தாய், கைவிட்டுப் போன காதல் என்றே இருக்கிறதே, இவ்வளவு சோகம் எதற்காக, அவை உண்மையில் எதைச் சொல்ல வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாடல்களை விடாமல் கேட்டு வருகிறேன். சோகம் என்ற சொல்லோடு நின்றுவிட்டால் அவற்றின் பாதிப் பொருள் கைநழுவிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். பிறர் தனக்குச் செய்த தீங்கை நினைத்து அழும் பாடல்களும் அவற்றில் உண்டு. ஆனால் காலத்தைத் தாண்டி நிற்பவற்றில் பெரும்பாலானவை, தான் பிறருக்குத் தர வேண்டியதைத் தராமல் போனவனின் மனத்திலிருந்து எழுந்தவை. தமிழில் கடன் என்ற சொல் வாங்கிய பணத்தையும் குறிக்கிறது, செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கிறது. ஈன்று புறந்தருதல் தன் தலைக்கடன் என்று புறநானூற்றுத் தாய் சொல்லும் கடனும், நன்றிக்கடனும், கடைக்காரரின் பேரேட்டில் ஏறும் கடனும் நமக்கு ஒரே சொல்தான். அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், ரயிலும் சிறையும் தாயும் ஏன் மீண்டும் மீண்டும் ஒரே பாட்டுக்குள் சந்திக்கின்றன என்பது விளங்கத் தொடங்கும்.

மெர்ல் ஹேகார்ட் 1968-இல் வெளியிட்ட 'மாமா ட்ரைட்' என்ற பாடலை முதலில் பார்க்கலாம். அம்மா எவ்வளவோ முயன்று பார்த்தாள் என்பது தலைப்பின் பொருள். பாடுபவனுக்கு நினைவு தெரிந்து முதலில் காதில் விழுந்தது ரயிலின் ஊதல். வளர்ந்ததும் ஒரு சரக்கு ரயிலில் ஏறி ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்பதே அவனுடைய சிறுவயதுக் கனவு. அடக்கமான குடும்பத்தில் அவன் ஒருவன்தான் அடங்காப்பிள்ளை. தந்தை பாரத்தைத் தாயின் தலையில் விட்டுவிட்டு இறந்துபோகிறார், அவள் பாடுபடுகிறாள், கெஞ்சுகிறாள், அவன் கேட்கவில்லை, இருபத்தொரு வயது நிறையும்போது விடுதலையே கிடைக்காத ஆயுள் தண்டனையில் இருக்கிறான். இவ்வளவையும் சொல்லிவிட்டு, குற்றம் என்னுடையது மட்டுமே என்று முடிக்கிறான். நீதிபதி, காவலர், தீய நண்பர்கள், வறுமை என யாரையும் எதையும் அவன் சாட்சிக்கு அழைப்பதில்லை.

இது பெருமளவுக்கு ஹேகார்டின் சொந்தக் கதைதான். கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரை ஒட்டிய ஆயில்டேல் என்ற ஊரில், பழைய சரக்கு ரயில் பெட்டி ஒன்றை வீடாக மாற்றி அவருடைய குடும்பம் வாழ்ந்தது. அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1946-இல், தந்தை இறந்தார். இருபத்தொன்றாவது பிறந்தநாள் சான் குவென்டின் சிறையில்தான் கழிந்தது. ஆனால் அவருக்கு ஆயுள் தண்டனை கிடையாது. 1960-இலேயே வெளியே வந்துவிட்டார். பாட்டில் ஏன் ஆயுள் தண்டனை வந்தது என்று பலகாலம் யோசித்திருக்கிறேன். அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டிய கடன் சில ஆண்டுச் சிறைவாசத்தோடு தீர்ந்துவிடும், தாய்க்குச் செலுத்த வேண்டியது அப்படித் தீராது என்பதைத்தான் அந்த மிகை அளந்து காட்டுகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஜானி கேஷின் 'ஃபோல்சம் ப்ரிசன் ப்ளூஸ்' (1955) பாடலிலும் இதே மனம்தான். ஃபோல்சம் சிறைக்குள் இருப்பவனுக்கு ரயில் போகும் சத்தம் கேட்கிறது. அதன் சாப்பாட்டுப் பெட்டியில் பணக்காரர்கள் காபி குடித்தபடி பெரிய சுருட்டுகளைப் புகைத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவன் கற்பனை செய்துகொள்கிறான். சுதந்திரம் என்றால் அவனுக்கு அந்தக் காபியும் சுருட்டும்தான். இந்தச் சிறிய பொருள்களை வைத்தே அவனுடைய சிறை எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. துப்பாக்கியைத் தொடாதே என்று சின்ன வயதில் அம்மா சொன்னதை அவன் நினைவுகூர்கிறான். எனக்கு இது வர வேண்டியதுதான் என்று ஒப்புக்கொள்கிறான். தான் அடைபட்டுக் கிடப்பதைவிட அந்த மனிதர்கள் நகர்ந்துகொண்டே இருக்கிறார்களே என்பதுதான் அவனை வதைக்கிறது. கேஷ் 1968 ஜனவரி 13 அன்று அந்தச் சிறைக்கே சென்று கைதிகள் முன்னால் இதைப் பாடினார். சாவதைப் பார்ப்பதற்காகவே ஒருவனைச் சுட்டேன் என்ற வரிக்குப் பிறகு இசைத்தட்டில் ஓர் ஆரவாரம் கேட்கும். அது அந்த இடத்தில் எழுந்ததல்ல, தட்டைத் தயாரித்தபோது சேர்க்கப்பட்டது. அந்த வரியைப் பாடும்போது கைதிகள் அமைதியாகத்தான் இருந்தார்கள் என்பதை அறிந்த பிறகு, நான் அந்தப் பாடலைக் கேட்கும் விதமே மாறிவிட்டது.

ரயில் இத்தனை பாடல்களில் வருவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கன்ட்ரி இசை ஒரு வணிகத் தொழிலாகக் காலூன்றியது 1927-இல் என்று பொதுவாகச் சொல்வார்கள். டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் நகரத்துக்கு விக்டர் நிறுவனத்தின் சார்பில் ரால்ஃப் பியர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கினார். அவர் அங்கிருந்த இரண்டு வாரத்துக்குள் இரு தரப்பினர் முதன்முதலாகப் பதிவுக்குப் பாடினார்கள். மலையடிவாரக் கிராமத்திலிருந்து வந்த கார்ட்டர் குடும்பத்தினர் ஒரு தரப்பு. ரயில்வேயில் பிரேக்மேனாக, அதாவது வண்டியின் பிரேக்குகளை இயக்குபவராக, வேலை செய்து, காசநோயால் அந்த வேலையைத் தொடர முடியாமல் போன ஜிம்மி ராட்ஜர்ஸ் மறு தரப்பு. கார்ட்டர் குடும்பம் வீட்டையும் தாயையும் தேவாலயத்தையும் பாடியது; ராட்ஜர்ஸ் அவற்றை விட்டுப் போனவனைப் பாடினார். தன் நோயையும் பாட்டாக்கினார். 1933-இல் நியூயார்க்கில் கடைசிப் பாடல்களைப் பதிவு செய்தபோது, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் ஸ்டுடியோவிலேயே கட்டிலில் படுத்து ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. சில நாட்களில் இறந்தார், வயது முப்பத்தைந்து. உடல் ரயிலில்தான் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்தில் இவற்றைக் கேட்டவர்களும் வீட்டுக்கும் அதை விட்டுப் போவதற்கும் நடுவில் நின்றவர்கள்தான். பருத்தி விலை வீழ்ச்சி, வறட்சி, மந்தநிலை, பின்னர் போர்க்காலத் தொழிற்சாலை வேலை என்று 1920-களிலிருந்து 1950-கள் வரை லட்சக்கணக்கானோர் தெற்கத்திய நிலங்களையும் அப்பலேச்சிய மலைகளையும் விட்டு டெட்ராய்ட், சிகாகோ, கலிபோர்னியா என்று போனார்கள். போனவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. ஆனால் வயதான பெற்றோர் ஊரில் இருந்தார்கள், கல்லறைகள் ஊரில் இருந்தன. சனிக்கிழமை இரவு நாஷ்வில் நகரத்து வானொலியில் கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சி ஒலிக்கும்போது, தன்னைப் பெற்ற மண்ணுக்குத் தான் என்ன திருப்பித் தந்தோம் என்ற கேள்வி அந்த அறைகளுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். கார்ட்டர் குடும்பம் 1935-இல் பதிவு செய்த 'கேன் த சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்' பாடலில், தாயின் உடலைக் கொண்டு போகும் வண்டிக்காரரிடம் மகன் ஒரு சிறிய வேண்டுகோள் வைக்கிறான்: ஐயா, மெதுவாக ஓட்டுங்கள். வேறெதையும் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்பதுபோல அவன் அதை மட்டும் கேட்கிறான்.

குடியும் பக்தியும் எப்படி ஒரே பாடகரின் வாயிலிருந்து வருகின்றன என்பது உங்கள் கேள்வியில் இல்லை என்றாலும், அதை விட்டுவிட முடியாது. ஹேங்க் வில்லியம்ஸ் மதுக்கூடங்களில் பாடி வளர்ந்தவர். கடும் முதுகுவலியோடும் குடியோடும் வாழ்ந்து, 1953 புத்தாண்டு நாளில், இருபத்தொன்பது வயதில், ஒஹையோ மாநிலத்து கான்டன் நகருக்குப் பாடப் போகும் வழியில் காரின் பின்னிருக்கையில் இறந்து கிடந்தார். இருளில் அலைந்தவன் ஒளியைக் கண்டேன் என்று சொல்லும் 'ஐ ஸா த லைட்' அவர் எழுதியதுதான். கான்டன் அரங்கில் அவருடைய மரணச் செய்தி அறிவிக்கப்பட்டபோது, மேடையில் இருந்த கலைஞர்கள் பாடியதும் அதையே. ஒருமுறை காரில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, ஒளி எதுவும் இல்லை என்று சொன்னதாக உடனிருந்த நகைச்சுவைக் கலைஞர் மின்னி பெர்ல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இதை இரட்டை வேடம் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. சனிக்கிழமை இரவு ஏறிய கடனை ஞாயிற்றுக்கிழமை காலையில் கடவுளிடம் ஒப்புக்கொள்ளும் மனிதர்களுக்காக அவர் பாடினார். அவரும் அவர்களில் ஒருவர்.

கடன் என்பது சிலருக்கு மனத்தோடு நிற்கவில்லை. கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனான மெர்ல் டிராவிஸ் 1946-இல் பதிவு செய்து, 1955-இல் டென்னசி எர்னி ஃபோர்டின் குரலில் அமெரிக்கா முழுவதும் முதலிடத்துக்கு வந்த 'சிக்ஸ்டீன் டன்ஸ்' பாடலில், பதினாறு டன் கரி அள்ளிப் போட்ட பிறகும் சுரங்கத் தொழிலாளிக்குக் கிடைப்பது ஒரு நாள் முதுமையும் இன்னும் கொஞ்சம் கடனும்தான். பல சுரங்கக் கம்பெனிகள் கூலியைப் பணமாகத் தராமல் தாங்களே அச்சிட்ட வில்லைகளாகத் தந்தன. அவை கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும். அங்கே விலையும் கம்பெனி வைத்ததுதான். சாவே வந்து அழைத்தாலும் போக முடியாது, என் உயிரே கம்பெனிக் கடையில் அடகில் கிடக்கிறது என்று அவன் சொல்வதில் கவிதை நயத்துக்காகக் கூட்டிச் சொன்னது எதுவுமில்லை. அத்தகைய பேச்சைத் தன் தந்தையின் வாயிலேயே கேட்டதாக டிராவிஸ் கூறியிருக்கிறார்.

இதே கென்டக்கியின் சுரங்கப் பகுதியில், புட்சர் ஹாலர் என்ற மலையிடுக்கில் பிறந்த லொரெட்டா லின் 1970-இல் 'கோல் மைனர்ஸ் டாட்டர்' பாடலை வெளியிட்டார். இரவெல்லாம் சுரங்கத்திலும் பகலெல்லாம் சோளக்காட்டிலும் உழைக்கும் அப்பா. துணி துவைக்கும் பலகையில் விரல்கள் இரத்தம் கசியும் அம்மா. கோடையில் செருப்பில்லாத கால்கள். பன்றியை விற்ற பணத்தில் குளிர்காலத்துக்கு அஞ்சலில் வரவழைக்கும் புதுக் காலணிகள். பாடலில் கண்ணீர் இல்லை, முறையீடும் இல்லை. பெற்றவர்கள் தந்ததையெல்லாம் பெயர் சொல்லி, ஒவ்வொன்றாக எண்ணி வைக்கும் நிதானம் மட்டுமே இருக்கிறது. தயாரிப்பாளர் நீளம் கருதிச் சில கண்ணிகளை நீக்கச் சொன்னார் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. லின்னின் தந்தை 1959-இல், மகளின் முதல் இசைத்தட்டு வருவதற்கு முந்தைய ஆண்டு, இறந்துவிட்டார். கடைசிக் கண்ணியில் லின் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறார். தரையைத் தவிர அங்கே பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. வாங்கியதைத் திருப்பித் தர ஆள் இல்லாத வீட்டில் கணக்கை உரக்கப் படிப்பதுபோல அந்தக் குரல் ஒலிக்கிறது.

டாலி பார்ட்டனின் 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' (1971) இதற்குத் தங்கைபோன்ற பாடல். கந்தல் துணிகளைச் சேர்த்து அம்மா தைத்துத் தந்த மேலங்கியை மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். ஒவ்வொரு தையலிலும் அன்பு இருக்கிறது என்று சிறுமி அவர்களுக்குச் சொல்லிப் பார்க்கிறாள். மிக உயர்ந்த பாடல் என்றே மதிக்கிறேன். ஆனால் ஏழையாக இருக்கத் தானே முடிவு செய்தால்தான் ஒருவர் ஏழை என்று அதில் வரும் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 'சிக்ஸ்டீன் டன்ஸ்' பாடலில் கரி அள்ளுபவனிடம் அதைச் சொல்லிவிட முடியாது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் அந்த மலைநாட்டின் உண்மை முழுமையாகும்.

காதல் பாடல்களுக்கு வருகிறேன். கார்ட்டர் குடும்பம் 1929-இல் பாடிய 'ஐம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்' கடல் தாண்டிப் போன காதலனை நினைத்து ஏங்கும் பாட்டு. அதே மெட்டில் 1936-இல் ராய் ஏகஃப் 'த கிரேட் ஸ்பெக்கில்டு பேர்ட்' என்ற பக்திப்பாடலைப் பாடினார். அதே மெட்டில் 1952-இல் ஹேங்க் தாம்சனின் 'த வைல்டு சைடு ஆஃப் லைஃப்' வந்தது. தன்னை விட்டுவிட்டு மதுக்கூட வாழ்க்கைக்குப் போன பெண்ணைப் பழித்து, கடவுள் இப்படிப்பட்ட தேவதைகளையும் படைத்தார் என்று தெரியாமல் போயிற்றே என்று ஒரு கணவன் அங்கலாய்க்கிறான். சில மாதங்களில், அதே மெட்டிலேயே பதில் வந்தது. பாடியவர் கிட்டி வெல்ஸ், பாடுவதையே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த முப்பத்திரண்டு வயதுக் குடும்பப் பெண். பதிவுக்குக் கிடைக்கும் 125 டாலருக்காகத்தான் ஒப்புக்கொண்டார். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் இயந்திரத்தில் அந்த ஆணின் பாட்டு ஒலிப்பதைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், இவர்களைப் படைத்தது கடவுள் அல்ல, திருமணமான பின்னும் தங்களைத் தனி ஆட்களாக எண்ணிக்கொள்ளும் ஆண்கள்தான் என்கிறாள்.

ஒரே மெட்டு ஏக்கமாகவும் பக்தியாகவும் குற்றச்சாட்டாகவும் பதிலாகவும் ஆனதை நான் தற்செயல் என்று பார்ப்பதில்லை. தேவாலயத்தில் கேட்டுப் பழகிய மெட்டு மதுக்கூடத்திலும் ஒலிப்பதால்தான் அந்தக் குற்றச்சாட்டுக்கும் பதிலுக்கும் அவ்வளவு கனம் வந்தது. வானொலி நிலையங்கள் சில மறுத்தன, ஆப்ரி மேடையும் தயங்கியது; இருந்தும் பில்போர்டு இதழின் கன்ட்ரி பாடல் தரவரிசைப் பட்டியலில் தனிப் பாடகியாக முதலிடத்தைப் பிடித்த முதல் பெண் என்ற இடம் வெல்ஸுக்குக் கிடைத்தது. ஆண்கள் தங்கள் கடனைத் தாங்களே பாடிக்கொண்டிருந்த இசையில், கடன் கொடுத்தவள் கணக்கோடு வந்து நின்ற தருணம் அது.

ஜார்ஜ் ஜோன்ஸ் 1980-இல் பாடிய 'ஹி ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே' இந்த மரபின் உச்சம் என்று பலர் சொல்வார்கள். நானும் அவர்களோடு சேர்கிறேன். பாபி பிராடக், கர்லி புட்மன் இருவரும் எழுதிய பாடல். இது வெறும் இழவுப்பாட்டு, யாரும் வாங்க மாட்டார்கள் என்று ஜோன்ஸ் முதலில் தயங்கினார். அப்போது குடியால் அவர் நிலை மிகவும் மோசமாக இருந்ததால், பதிவு பல மாதங்கள் இழுத்தது. பாட்டைச் சொல்பவர் ஒரு நண்பர். சாகும்வரை உன்னைக் காதலிப்பேன் என்று அவன் சொன்னான். போகப்போக மறந்துவிடுவாய் என்று அவள் சொன்னாள். ஆண்டுகள் போகின்றன. சுவரில் அவள் படம். கட்டிலருகே 1962 தேதியிட்ட கடிதங்கள். அவற்றில் உன்னைக் காதலிக்கிறேன் என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் சிவப்புக் கோடு. இன்று அவனைப் பார்க்கப் போனேன், கண்ணீரைக் காணோம், எங்கோ புறப்படுவதற்கு உடுத்தியிருந்தான், பல ஆண்டுகளுக்குப் பிறகு முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன் என்கிறார் நண்பர். இந்த இடம்வரை, அவன் தேறிவிட்டான் என்றே முதல்முறை கேட்பவர் நினைப்பார். பிறகுதான் பல்லவி வருகிறது: அவளைக் காதலிப்பதை அவன் இன்று நிறுத்திவிட்டான், வாசலில் மலர்வளையம் வைத்தார்கள், சற்று நேரத்தில் தூக்கிக்கொண்டு போவார்கள். இறந்தான் என்ற சொல்லை அவனைப் பற்றி நண்பர் ஓரிடத்திலும் சொல்வதில்லை. சாவு என்ற பேச்சு அவன் கொடுத்த வாக்கில் மட்டுமே வருகிறது.

அதன்பின் ஜோன்ஸ் பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசுகிறார். அவள் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தாள், வருவாளா என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம் என்கிறார். பின்னால் வயலின்களும் ஒரு பெண் குரலும் மேலே ஏறிக்கொண்டே போகின்றன. அவர் குரலோ தாழ்ந்து, அண்டைவீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல இருக்கிறது. பித்துப் பிடித்த காதல் என்று இதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஒரு வாக்கின் கதையாகத்தான் கேட்கிறேன். இந்த மரபின் மற்ற நாயகர்கள் தாயிடமும் மனைவியிடமும் கடவுளிடமும் கொடுத்த வாக்கைத் தவறவிட்டுப் புலம்பிக்கொண்டிருக்க, இவன் ஒருவன் சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் செலுத்தி முடிக்கிறான். அந்தச் சிரிப்பு அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

கடன் என்ற இந்தச் சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது. ஹேங்க் வில்லியம்ஸ் 1949-இல் பாடிய 'ஐம் ஸோ லோன்ஸம் ஐ குட் க்ரை' பாடலில் யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. பறக்க மனமில்லாத ஓர் இரவுப்பறவை, நள்ளிரவு ரயிலின் முனகல், முகத்தை மறைத்து அழ மேகத்துக்குள் போகும் நிலா, இலை உதிர்வதைப் பார்த்து அழும் ராபின் குருவி என்று வந்து, கடைசிக் கண்ணியில் ஓர் எரிநட்சத்திரம் ஓசையின்றி விழுகிறது. நீ எங்கே இருக்கிறாயோ என்று தேடும் ஆள் அந்தக் கடைசிக் கண்ணியில்தான் எட்டிப் பார்க்கிறாள். அதுவரை தனிமை மட்டுமே பாடுகிறது. இந்தப் பாடலை விளக்க முயன்ற ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறேன். இரவில் தனியாக இருக்கும்போது கேளுங்கள் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவுமில்லை.

கடைசியாக, இந்த இசைக்கே உள்ள ஒரு கடனைச் சொல்ல வேண்டும். பேன்ஜோ ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த வாத்தியம். ஹேங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிட்டார் சொல்லித் தந்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். கார்ட்டர் குடும்பத்துக்காக மலையூர்களில் பாட்டுகளைச் சேகரிக்க உடன் அலைந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின இசைஞர். ஆனால் 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர்களின் பாடல்களைத் தனிப் பட்டியலிலும் வெள்ளைக் கிராமத்தாரின் பாடல்களைத் தனிப் பட்டியலிலும் பிரித்து விற்றன. அந்தக் கோடு அப்படியே நிலைத்துவிட்டது. ஆப்ரி நிகழ்ச்சியின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி, அடிமைகளின் பேரன், சிறுவயதில் போலியோவால் தாக்கப்பட்டவர். 1927-இல் அந்த நிகழ்ச்சிக்கு அதன் பெயர் வாய்த்த இரவில் மவுத் ஆர்கன் வாசித்தவர் அவர். 1941-இல் அவரை நீக்கிவிட்டார்கள். அதன் பிறகு நாஷ்வில் நகரத்தில் காலணிகளுக்கு மெருகு போடும் கடை நடத்தி வாழ்ந்து, 1982-இல் இறந்தார். கன்ட்ரி இசைப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2005-இல்.

நீங்கள் முறையாகக் கேட்கத் தொடங்குவதாக இருந்தால், அந்த இரவில் அவர் வாசித்த 'பேன் அமெரிக்கன் ப்ளூஸ்' என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள். அதன் 1927 ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. வார்த்தையே கிடையாது. ஒரு மனிதரின் மூச்சு மட்டும் ஒரு ரயிலாகிப் புறப்பட்டு, வேகம் பிடித்து, ஊதலோடு ஓடிக் கடந்து போகிறது.